ஆரிஜின் வருது: மூணு பேர் சிக்கல்ல, ரெண்டு ட்ரேட் தான், யாரை விக்கிறது?

பென்ரித்_பக்கம்:

எல்லாருக்கும் வணக்கம். சூப்பர்கோச்ல (என்ஆர்எல், அதாவது ஆஸ்திரேலிய ரக்பி லீக் ஆளுங்களை வாங்கி டீம் கட்டி, அவங்க நிஜ மேட்ச்ல ஆடறதுக்குப் பாயிண்ட் எடுக்கிற கேம்) இந்த வாரம் என்ன பண்றதுன்னு ஒரு முடிவுக்கு வர முடியல, விஷயம் தெரிஞ்சவங்க கொஞ்சம் சொல்லுங்க.

நிலைமை இது தான். அடுத்த வாரம் ஆரிஜின் (நியூ சவுத் வேல்ஸ், குயின்ஸ்லாந்து மாநில டீம்கள் மோதற தொடர்) பை ரவுண்டு, அதாவது பல கிளப்புக்கு மேட்ச் இல்லாத வாரம். என் டீமோட முதுகெலும்பே கிளியரி, ஹாஸ், ஹாரி கிராண்ட், இயோ இந்த நாலு பேரு, நாலு பேரும் மாநில டீம் கேம்ப்புக்குப் போயிடுவாங்க, கிளப்புக்கு ஆட மாட்டாங்கன்னு வச்சுக்கிட்டு தான் பேசறேன். அது போக மூணு பேர் தலைவலியா இருக்காங்க. பேர் சொன்னா அவங்கவங்க கிளப் பாசத்துல பேச ஆரம்பிச்சிடுவோம், அதனால ரோலை மட்டும் சொல்றேன்.

முதல் ஆளு ஒரு விங்கர் (ஓரத்துல ஆடறவன்), நல்ல விலை. மூணு வாரம் முன்னாடி 118 அடிச்சான், அதுக்கப்புறம் 31, 36. பிரேக்-ஈவன் (விலை இறங்காம இருக்க அவன் அடிக்க வேண்டிய ஸ்கோர்) நூறைத் தாண்டி நிக்குது. அடுத்த வாரம் அவன் கிளப்புக்கு பை வேற.

ரெண்டாவது ஒரு மிடில் ஃபார்வர்ட் (நடுவுல மோதி ஆடறவன்), ஆரிஜின் ஆள் கிடையாது. ஞாயித்துக்கிழமை மேட்ச்ல தலையில அடிபட்டு வெளிய போனவன் திரும்பி வரவே இல்ல.

மூணாவது சீசன் ஆரம்பத்துல அடிமட்ட விலைக்கு வாங்கின ஒரு சின்னப் பையன், ரெகுலர் ஆளுக்கு ஹாம்ஸ்ட்ரிங் (தொடைத் தசை) போனதால 6ஆம் நம்பர்ல (ஹாஃப், ஆட்டத்தை நடத்தறவன்) ஆடிட்டு இருக்கான். ஆவரேஜ் 40 கிட்ட, பிரேக்-ஈவன் இருபது சொச்சம். ரெகுலர் ஆளு ரெண்டு வாரத்துல வந்துடுவான்னு பேச்சு.

எனக்குத் தோணினது விங்கரையும் மிடிலையும் வித்துட்டு போன வாரம் நல்லா அடிச்ச ரெண்டு பேரை வாங்கலாம்னு. சீசனுக்கான ட்ரேட் (ஒருத்தனை வித்துட்டு இன்னொருத்தனை வாங்கறது) பாதிக்கு மேல செலவாயிடுச்சு, அது தான் பயமா இருக்கு. என்ன சொல்றீங்க?

டம்மிஹாஃப்:

ப்ரோ ஒரு கேள்வி முதல்ல. நீங்க ஓவரால் ரேங்க்குக்கு ஆடறீங்களா இல்ல நண்பர்களோட லீக்ல ஹெட்-டு-ஹெட் ஜெயிக்கணும்னு ஆடறீங்களா? ரெண்டுக்கும் பதில் வேற. ஓவராலுக்குன்னா பை ரவுண்டு பாயிண்ட் ஒவ்வொண்ணும் தங்கம், ஹெட்-டு-ஹெட்னா இப்ப ஒரு வாரம் தோத்தாக்கூட பரவால்ல, கடைசி வாரங்கள்ல ஃபைனல்ஸ் வரும்போது கையில ட்ரேட் இருக்கணும்.

அதை நீங்க சொல்லுங்க, நான் விங்கர் கதைக்கு வரேன். "போன வாரம் நல்லா அடிச்ச ரெண்டு பேரை வாங்கலாம்"னு எழுதியிருக்கீங்க பாருங்க, அந்த இடத்துல தான் ட்ரேட் எல்லாம் கரையுது. ஸ்கோரை அப்படியே பாக்காதீங்க, உடைச்சுப் பாருங்க. சூப்பர்கோச்ல டேக்கிளுக்கு (பந்தோட வர்றவனைப் பிடிச்சு நிறுத்தறது) 1, எட்டு மீட்டருக்கு மேல ஓடின ஹிட்-அப்புக்கு (பந்தை எடுத்துட்டு டிஃபன்ஸ் மேல ஓடறது) 2, அதுக்குக் கீழன்னா 1. இது தான் பேஸ். டீம் ஜெயிச்சாலும் தோத்தாலும் ஆளு மைதானத்துல இருந்தா வந்துக்கிட்டே இருக்கும். ட்ரைக்கு (கோட்டைத் தாண்டி பந்தைத் தரையில வைக்கிறது) 17, லைன் பிரேக்குக்கு (டிஃபன்ஸ் வரிசையை உடைச்சு ஓடறது) 10, இதெல்லாம் மேல வர்றது, வந்தா வந்தது தான்.

இப்ப ஒரு கணக்கு போடுவோம். ஒரு விங்கர் ஒரு மேட்ச்ல 5 டேக்கிள் பண்றான், 16 ஹிட்-அப் எடுக்கிறான், அதுல 12 எட்டு மீட்டரைத் தாண்டுதுன்னு வைங்க. 5 கூட்டல் 24 கூட்டல் 4, மொத்தம் 33. தப்பு ஒண்ணும் பண்ணாம ஒரு விங்கர் உருப்படியா ஆடினா இது தான் கிடைக்கும். அதே மேட்ச்ல ஒரே ஒரு தடவை லைனை உடைச்சு ட்ரை போட்டான்னா 27 சேர்ந்து 60. ரெண்டு ட்ரைன்னா எங்கயோ போயிடும். ஆக உங்க ஆளு அடிச்ச 118க்கும் 31க்கும் நடுவுல அவனோட ஆட்டம் அவ்வளவு மாறியிருக்காது, பந்து அவன் கைக்கு வந்துச்சா வரலையாங்கிறது தான் மாறியிருக்கும்.

இன்னொரு பக்கம் ஒரு மிடிலைப் பாருங்க. 35 டேக்கிள், 14 ஹிட்-அப், அதுல பத்து நல்ல ஓட்டம். 35 கூட்டல் 20 கூட்டல் 4, 59. ட்ரை கிடையாது, லைன் பிரேக் கிடையாது, டிவில காட்டவே மாட்டாங்க, ஆனா 59. மிஸ்டு டேக்கிளுக்குக் கொஞ்சம் கழிச்சாலும் ஐம்பதுக்கு மேல நிக்கும். அடுத்த வாரமும் அதே நிமிஷம் ஆடினா அதே தான் வரும்.

அதனால கேள்வி இது தான்: உங்க விங்கருக்குப் பந்து ஏன் வரல? அவன் சைடுல ஆடற ஹாஃப் மாறிட்டானா? பக்கத்துல ஆடற சென்டர் மாறிட்டானா? இல்ல பலமான டிஃபன்ஸ் ரெண்டு வாரம் அடுத்தடுத்து வந்துச்சா? இதைப் பொறுத்து தான் விக்கிறதா வைக்கிறதான்னு சொல்லணும்.

பென்ரித்_பக்கம்:

நன்றி ப்ரோ. ஓவரால் தான் எனக்கு முக்கியம், லீக்கும் இருக்கு ஆனா ரெண்டாம் பட்சம்.

விங்கர் விஷயம், அவன் சைடுல பந்து கொடுக்கிற ஹாஃப் தோள்ல அடிபட்டு வெளிய இருக்கான், எப்ப வருவான்னு கிளப் சொல்லல. இப்ப அந்த சைடுல பந்து போறதே குறைஞ்சிடுச்சு, எல்லாம் இன்னொரு பக்கம் தான் போகுது.

டம்மிஹாஃப்:

அப்ப வித்துடுங்க, யோசிக்கவே வேணாம்.

விலைக் கணக்கையும் பாத்துக்கோங்க. கடைசி மூணு மேட்ச் சராசரியை வச்சு தான் விலை நகருது. இப்ப அந்த மூணுல 118 உள்ள இருக்கு, 118, 31, 36 சேர்த்தா சராசரி 60க்கு மேல. இந்த வாரம் அவன் 35 அடிச்சான்னா 118 வெளிய விழுந்துடும், மிச்சம் 31, 36, 35, சராசரி 34. பாதிக்குப் பாதி. விலை சடார்னு இறங்கும். அதுக்கடுத்த வாரம் பை, ஆட மாட்டான், அப்புறம் வந்து இன்னும் இறங்குவான். பந்து கொடுக்கிற ஆளே இல்லாத விங்கருக்காக அந்த நஷ்டத்தைத் தாங்கறதுல அர்த்தமில்ல.

யாரை வாங்கறதுன்னா, சிடிடபிள்யூ (சென்டர், விங்கர் பொசிஷன்) இடத்துக்கு இன்னொரு விங்கரைத் தேடாதீங்க. சென்டர்னும் பேக்ரோன்னும் (ஃபார்வர்ட்ல ஒரு பொசிஷன்) ரெண்டு பொசிஷன்ல பதிவாகியிருந்து நிஜத்துல பேக்ரோ நம்பரான 11லயோ 12லயோ முழு 80 நிமிஷம் ஆடற ஆள் எவனாவது இருக்கானான்னு பாருங்க. அவன் சிடிடபிள்யூல உக்காந்துக்கிட்டு முப்பது டேக்கிள் போடுவான். அந்த இடத்துல அது பெரிய லாபம். அவன் அடுத்த வாரம் ஆடற கிளப்பா இருக்கணும், ஆரிஜின் பேச்சுல இல்லாதவனா இருக்கணும், இந்த ரெண்டு மட்டும் பாத்துக்கோங்க.

யாழ்_ஸ்டோர்ம்:

வணக்கம் தம்பி. டம்மிஹாஃப் சொன்னது எல்லாம் சரி, நான் மற்ற ரெண்டு பேரைப் பற்றிச் சொல்லுறன்.

அந்தத் தலையில அடிபட்ட பெடியனை தயவு செய்து விக்காதேங்கோ. ஆக்கள் எல்லாரும் காயத்துக்கான சிவப்பு அடையாளத்தைக் கண்ட உடனே விக்கிறினம், அது தேவையில்லாத ட்ரேட். கன்கஷன் (தலையில அடிபட்டு மூளை அதிர்றது) எண்டு உறுதியானால் ஆகக் குறைஞ்சது 11 நாள் வெளியில இருக்கோணும் எண்டு என்ஆர்எல் விதி வச்சிருக்கு. சோதனைக்குப் போய் 15 நிமிசத்தில திரும்பி வந்தவர் எண்டால் அந்தப் பிரச்சினை இல்லை, உங்கட ஆள் திரும்பி வரேல்ல எண்டபடியால் இந்தக் கிழமை அவர் இல்லை எண்டே வைப்பம். ஆனால் ஞாயிற்றுக்கிழமையில இருந்து 11 நாள் எண்ணிப் பாருங்கோ, அடுத்த கிழமை வியாழனோட முடியுது. அவற்ற கிளப் அடுத்த கிழமை எப்ப விளையாடுது? சனி, ஞாயிறு எண்டால் அவர் ஆரிஜின் பை ரவுண்டுக்குச் சரியா வந்து நிப்பார். உங்களுக்கு ஆள் இல்லாமல் தவிக்கப்போற அதே ரவுண்டுக்கு! ஆரிஜினுக்குப் போகாத, பை இல்லாத கிளப்பில நிறைய நிமிசம் விளையாடுற மிடில் எண்டால் அந்த வாரம் எல்லாரும் அப்பிடி ஒருத்தரைத் தான் தேடி அலைவினம். நீங்கள் கையில வச்சுக்கொண்டு விக்கப் போறியள்.

பெரிய பை ரவுண்டில மேல வாற 13 ஸ்கோர் மட்டும் தான் கணக்கு எண்டதையும் ஞாபகம் வச்சிருங்கோ. அந்த 13 பேரைத் தேத்திறது தான் இப்ப வேலை. உங்கட நாலு பெரிய ஆக்களும் போனாப்பிறகு எத்தினை பேர் மிச்சம் எண்டு இண்டைக்கே ஒரு தாளில எழுதிப் பாருங்கோ.

கன்கஷன் விசயத்தில ஒண்டு சொல்லோணும். முதல் தரம் அடிபட்டவர் எண்டால் பொறுக்கலாம். இந்த சீசனிலேயே ரெண்டாவது, மூன்றாவது தரம் எண்டால் டொக்டர்மார் கனநாள் ஓய்வு குடுப்பினம், அது அந்தப் பிள்ளையின்ர எதிர்காலத்துக்கும் நல்லது. அப்பிடி எண்டால் மட்டும் வித்துப்போடுங்கோ.

பென்ரித்_பக்கம்:

அக்கா ரொம்ப நன்றி, நான் அந்த 11 நாளை இந்தக் கோணத்துல பாக்கவே இல்ல. சனிக்கிழமை தான் ஆடறாங்க. இந்த சீசன்ல அவனுக்கு இது முதல் தடவை தான்.

அப்ப மூணாவது பையன்? ரெகுலர் ஆளு வந்துட்டான்னா அவன் நேரா கீழ்நிலைப் போட்டியான என்எஸ்டபிள்யூ கப்புக்குப் போயிடுவான், அப்புறம் பெஞ்ச்ல சும்மா உக்காந்திருப்பான்.

ரெட்கிளிஃப்_ராஜா:

நான் கொஞ்சம் மாத்திச் சொல்றேன். அந்தப் பையனை இந்த வாரமே வித்துடலாம்னு நினைக்கிறேன். ஹாம்ஸ்ட்ரிங்ல "ரெண்டு வாரம்"னு சொன்னவன் ஒரே வாரத்துல வந்து நிப்பான், செவ்வாய்க்கிழமை நாலு மணிக்கு டீம் லிஸ்ட் வரும்போது பேர் இருக்காது, அப்ப எல்லாரும் சேர்ந்து விப்பாங்க. இப்ப விலை நல்லா ஏறியிருக்கு. விங்கர் காசு, இவன் காசு ரெண்டையும் சேர்த்தா ஒரு பெரிய ஆளையே வாங்கலாம்.

அப்புறம் "ட்ரை அடிக்கிறவங்க பின்னாடி ஓடாதீங்க"ங்கிறதை நான் முழுசா ஒத்துக்க மாட்டேன். விங்கருக்கு அது சரி. ஃபுல்பேக்குக்கு (கடைசியில நின்னு அட்டாக்லயும் சேர்றவன்) அது சரியில்ல. 2021ல ஃபுல்பேக் டாம் டிர்போஜெவிச்சை எடுத்துக்கோங்க, சீசன் ஆரம்பத்துல காயத்துல இருந்துட்டு வந்து வெறும் 15 மேட்ச் ஆடி டாலி எம் (வருஷத்தோட சிறந்த ஆட்டக்காரன் விருது) வாங்கினான். அந்த வருஷம் அவனை "இது நிக்காது, ரெண்டு வாரத்துல இறங்கிடும்"னு சொல்லிக் காத்திருந்தவங்க கடைசி வரைக்கும் காத்துக்கிட்டே இருந்தாங்க. ஒவ்வொரு அட்டாக்லயும் பந்து அவன் கையைத் தொட்டுட்டுத் தான் போச்சு. அந்த மாதிரி ரோல்ல இருக்கிறவன் ஃபார்முக்கு வந்தா விலை எவ்வளவா இருந்தாலும் வாங்கணும்.

டம்மிஹாஃப்:

ராஜா ப்ரோ, டர்போ (டிர்போஜெவிச்) விஷயத்துல நீங்க சொல்றது நூத்துக்கு நூறு சரி, நானும் ரோலைத் தான் பாக்கச் சொல்றேன், ஃபுல்பேக் ரோல் வேற விங்கர் ரோல் வேற.

ஆனா அந்தப் பையனை இந்த வாரம் விக்கிறதுல எனக்கு உடன்பாடு இல்ல. ஆவரேஜ் 40, பிரேக்-ஈவன் இருபது சொச்சம்னா இன்னும் காசு சம்பாதிச்சுக் கொடுக்கிறான். பிரேக்-ஈவன் ஆவரேஜை எட்டிப் பிடிக்கிற வாரம் தான் விக்க வேண்டிய வாரம். அதோட அவன் கிளப் அடுத்த வாரம் ஆடுதுன்னா, அவங்க ஹாஃப் யாராவது ஆரிஜினுக்குப் போனா இவனுக்கு இடம் தானா கிடைக்கும், ரெகுலர் ஆளு திரும்பி வந்தாலும் கூட. அதைப் பாத்தீங்களா?

நீங்க சொல்ற செவ்வாய்க்கிழமை பயம் நியாயமானது தான். அதுக்கு வழி என்னன்னா செவ்வாய் நாலு மணி வரைக்கும் ட்ரேட் பட்டன் மேல கையே வைக்காம இருக்கிறது. லிஸ்ட்ல பேர் இருந்தா வைங்க, இல்லன்னா அப்ப வித்துக்கலாம், அதுக்குள்ள விலை ஒண்ணும் இறங்கிடாது, ரவுண்டு முடிஞ்சா தான் விலை மாறும். லிஸ்ட் வந்தப்புறமும் மேட்சுக்கு 24 மணி நேரம் முன்னாடி ஸ்குவாடைக் குறைப்பாங்க, ஒரு மணி நேரம் முன்னாடி கடைசி டீம் வரும், அதையும் ஒரு கண்ணு பாத்துக்கணும்.

யாழ்_ஸ்டோர்ம்:

நானும் அவரை வச்சிருக்கச் சொல்லித் தான் சொல்லுவன். ரெண்டு ட்ரேட் இருக்கெண்டு ரெண்டையும் பாவிக்கோணும் எண்டு ஒரு கட்டாயமும் இல்லைத் தம்பி. ஆரிஜின் மூண்டு ஆட்டம். ஒவ்வொரு ஆட்டத்துக்கும் முந்தின வார இறுதியில உங்கட பெரிய ஆக்கள் இருக்கமாட்டினம், புதன் இரவு விளையாடிப்போட்டு ரெண்டு மூண்டு நாளில கிளப்புக்குத் திரும்பி விளையாடுவினமோ எண்டதும் சொல்லேலாது, சில கோச்மார் ஓய்வு குடுத்துவிடுவினம். இதுக்கெல்லாம் ட்ரேட் வேணும். 17 டீம் இருக்கிறபடியால் ஒவ்வொரு கிளப்புக்கும் 27 ரவுண்டில மூண்டு பை வருது, அதில பிந்தி வாற பையை ஆக்கள் மறந்துபோடுவினம்.

கடைசி ரவுண்டையும் யோசிச்சுப் பாருங்கோ. 2022ல பென்ரித் கிளப் மைனர் பிரீமியர்ஷிப்பை (பட்டியலில முதலிடம்) முதலே உறுதி செய்துபோட்டு கடைசி ஆட்டத்தில முக்கியமான ஆக்களை எல்லாம் நிப்பாட்டிச்சினம், எதிர்த்து விளையாடின கவ்பாய்ஸ் வெண்டது. அந்தக் கிழமை பென்ரித் ஆக்களை நிறைய வச்சிருந்து ட்ரேட் இல்லாமல் நிண்டவையைக் கேட்டுப் பாருங்கோ. நீங்கள் வேற, உங்கட பேரிலேயே பென்ரித்தை வச்சிருக்கிறியள், பென்ரித்தின்ர கிளியரியும் இயோவும் உங்களிட்ட இருக்கினம்.

ஆரிஜின் காலத்துக்கு நியூசிலாந்து கிளப்பான வாரியர்ஸின்ர லிஸ்டையும் ஒருக்கால் பாருங்கோ. 13 வயசுக்கு முன்னம் நியூ சவுத் வேல்ஸ், குயின்ஸ்லாந்தில இருந்தவைக்குத் தான் ஆரிஜின், நியூசிலாந்திலேயே வளந்த பெடியள் அந்தக் கிழமையும் கிளப்புக்குத் தான் விளையாடுவினம். அவைக்கு பை எப்ப எண்டு மட்டும் பாத்துக்கொள்ளுங்கோ.

புதுசா_வந்தவன்:

நடுவுல ஒரு சின்ன சந்தேகம். நான் என்ஆர்எல் ஃபேன்டஸி (இதே மாதிரி இன்னொரு கேம்) ஆடறேன், சூப்பர்கோச் இல்ல. மேல சொன்ன விங்கர் கணக்கு எனக்கும் பொருந்துமா?

டம்மிஹாஃப்:

பொருந்தாது, நல்ல வேளை கேட்டீங்க. ஃபேன்டஸில ட்ரைக்கு 4, லைன் பிரேக்குக்கு 4, ரெண்டும் சேர்ந்தா 8 தான், சூப்பர்கோச்ல 27. ஓட்டம் பத்து மீட்டருக்கு ஒரு பாயிண்ட். மிஸ்டு டேக்கிளுக்கு 2 போகும், சூப்பர்கோச்ல 1. அதனால உங்க கேம்ல டேக்கிள் போடற ஹூக்கர், லாக், மிடில் இவங்களோட மதிப்பு இன்னும் அதிகம், சென்டரும் விங்கரும் இன்னும் கீழ. ஆஃப்லோடுக்கு (பிடிபட்டபடியே பந்தைக் கை மாத்தறது) 4 உண்டு, டேக்கிளை உடைச்சா 2, அதனால நிறைய ஆஃப்லோடு போடற எட்ஜ் ஃபார்வர்டு உங்களுக்குப் பொக்கிஷம். கிக் தூரத்துக்கும் 30 மீட்டருக்கு 1 உண்டு, டீமோட கிக் எல்லாம் ஒரே ஹாஃப் தான் அடிக்கிறான்னா அவனைப் பிடிங்க. ஒரு கேமுக்குன்னு யாராவது சொல்ற வாங்கு-வில் லிஸ்டை இன்னொரு கேமுக்கு அப்படியே எடுத்துட்டுப் போகாதீங்க.

ஹூக்கர் வாங்கறப்ப ரெண்டு கேமுக்கும் பொதுவா ஒண்ணு: பெஞ்ச்ல 14ஆம் நம்பர்ல யார் உக்காந்திருக்கான்னு பாருங்க. அங்க இன்னொரு ஹூக்கர் இருந்தா உங்க ஆளு 55, 60 நிமிஷத்துல வெளிய வந்துடுவான், இருபது நிமிஷ டேக்கிள் அப்படியே போச்சு. 14ல ஒரு ஹாஃபோ சென்டரோ இருந்தா உங்க ஆளு 80 நிமிஷமும் ஆட வாய்ப்பு அதிகம். மொத்தமே 8 இன்டர்சேஞ்ச் (ஆள் மாத்தறது) தான், அதைப் பெரும்பாலும் மிடில் ஆளுங்களுக்குத் தான் செலவு பண்ணுவாங்க.

ரெட்கிளிஃப்_ராஜா:

சரி, பையனைச் செவ்வாய் வரைக்கும் வைக்கிறதுக்கு நானும் ஒத்துக்கறேன், அவன் டீம் ஹாஃப் ஆரிஜினுக்குப் போற வாய்ப்பை நான் பாக்கல.

பென்ரித்_பக்கம், இன்னொரு விஷயம், யாரும் சொல்லல. அந்தக் கன்கஷன் ஆளு இந்த வாரம் ஆட மாட்டான்ல, அவனை வச்சு கேப்டன் லூப் போடுங்க. வார ஆரம்பத்துல ஆடற ஒரு பெரிய ஆளை வைஸ் கேப்டனா போடுங்க. அவன் 110, 120 அடிச்சிட்டான்னா, கன்கஷன் ஆளோட கிளப் மேட்ச் ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி கேப்டன் பட்டையை அந்தக் கன்கஷன் ஆளுக்கு மாத்துங்க. கேப்டன் ஆடலன்னா வைஸ் கேப்டன் ஸ்கோர் டபுள் ஆகும். வைஸ் கேப்டன் சொதப்பினா பரவால்ல, பின்னாடி ஆடற வேற ஆளைக் கேப்டனாக்கிக்கலாம், ஆக ரெண்டு வாய்ப்பு. லூப் போடறப்ப அந்தக் கன்கஷன் ஆள் ஸ்கோர் எண்ணற ஆளுங்களுக்குள்ள இருக்கணும், அவன் இடத்துக்கு எமர்ஜென்சி (மாத்து) ஆள் ஒருத்தன் மேல அடையாளம் போட்டிருக்கணும், அதை விட்டுடாதீங்க, இல்லன்னா ஒரு ஸ்கோர் முழுசா போகும்.

பென்ரித்_பக்கம்:

நீங்க எல்லாரும் இவ்வளவு நேரம் ஒதுக்கி எழுதினதுக்கு மனசார நன்றி. கிளியரி மேட்ச் இந்த வாரம் வியாழக்கிழமை, கன்கஷன் ஆளோட கிளப் ஞாயிறு தான், லூப்புக்கு அப்படியே பொருந்தி வருது.

தாளில எழுதியும் பாத்துட்டேன் அக்கா. நாலு பேரும் போனா அடுத்த வாரம் எனக்கு 11 பேர் தான் நிக்கறாங்க, அந்த மிடிலையும் பையனையும் சேர்த்து. விங்கரை வித்துட்டு டூயல் பேக்ரோ ஆள் ஒருத்தனை வாங்கினா 12. பட்டியல்ல ரெண்டு பேர் கண்ணுல பட்டிருக்காங்க, ஒருத்தன் 12ஆம் நம்பர், போன ரெண்டு மேட்சும் முழு 80 நிமிஷம். இன்னொருத்தன் விலை கம்மி ஆனா 60 நிமிஷத்துல எடுத்துடறாங்க. முதல் ஆளைத் தான் வாங்கப் போறேன், காசு பத்துது. பதிமூணாவது ஆளுக்கு அடுத்த வாரம் ஒரு ட்ரேட் போட்டுக்கறேன், ஆரிஜின் டீம் அறிவிச்சப்புறம்.

யாழ்_ஸ்டோர்ம்:

அது தான் சரி. அறிவிக்கிறதுக்கு முன்னம் அவசரப்படாதேங்கோ, நாலு பேரில ஒருத்தர் கேம்ப்புக்குப் போகாமல் விட்டாலே உங்களுக்குப் பதின்மூண்டு வந்துடும், அந்த ட்ரேட்டும் மிச்சம். அந்த மிடில் பயிற்சிக்குத் திரும்பிட்டாரோ எண்டு மட்டும் கிளப் செய்தியைப் பாத்துக்கொண்டிருங்கோ.